பேதி புராணம்

போன மாதம் அலுவலகத்தின் கணினிப் பிரிவிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. குப்பைத்தொட்டியில் 30 நாளுக்கு மேல் கிடக்கும் கடிதங்கள் எல்லாம் வெள்ளிக்கிழமை இரவு ‘பர்ஜ்’ செய்யப்படுமாம். படித்ததும் என் அடிவயிறு ஒரு முறை புரண்டு படுத்தது. பக்கத்து மேஜைப் பையனோ நிம்மதியாகக் காபி உறிஞ்சிக்கொண்டிருந்தான். அவனுக்கு 24 வயது. பள்ளி விடுமுறையின் முதல் ஞாயிற்றுக்கிழமையைப் பாட்டியின் முழங்கால் இடுக்கில், மூக்கைப் பிடித்தபடி, வாய் நிறைய விளக்கெண்ணெயோடு கழித்தவர்களுக்குத்தான் அந்தச் சொல் காதிலும் குடலிலுமாக இரண்டு முறை கேட்கும்.

எங்கள் தெருவிலிருந்த டாக்டர் அப்படித்தான் கேட்பார்: “பையனுக்கு ஒரு பர்ஜ் குடுத்துடலாமா பாட்டி?”

“நீங்க என்ன குடுக்கிறது? விடியக்காலமே ஊத்தியாச்சு” என்பாள் பாட்டி.

நாலு மாதத்துக்கு ஒரு தரம் பேதிக்குக் குடிக்க வேண்டும் என்பது தேரையர் பெயரால் வழங்கும் சித்த மருத்துவ விதி. பாட்டிக்குத் தேரையரைத் தெரியாது, விதியைத் தெரியும். அதைவிட முக்கியமாக, எப்போது நிறுத்துவது என்று தெரியும். நாலாவது முறை கொல்லைக்குப் போய்த் தள்ளாடித் திரும்பினால் திண்ணையில் ஒரு சொம்பு மோர் காத்திருக்கும். குடித்தால் கடை அடைத்துவிடும். அப்புறம் குழைந்த ரசம் சாதம், தூக்கம். இந்த மோரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வரப்போகிற பெரிய மனிதர்கள் ஒருவரிடமும் அது இல்லை.

வயிற்று வைத்தியரும் சர்வாதிகாரியும் கணினிக்காரரும் ஒரே சொல்லைப் பங்குபோட்டுக்கொண்டது எப்படி என்று தோண்டிப் பார்த்தேன். மூலம் லத்தீன். ‘பூருஸ்’ என்றால் சுத்தம். ‘ஆகெரெ’ என்றால் செய்வது, நடத்துவது, ஓட்டுவது. மாட்டை ஓட்டுவதற்கும் ரோமர்கள் அந்த வினையைத்தான் வைத்திருந்தார்கள். இரண்டையும் ஒட்டிச் செய்தது ‘பூரிகாரெ’, தேய்ந்தது ‘பூர்காரெ’. பிரெஞ்சுக்காரன் வாயில் கொஞ்ச காலம் ஊறி, 1300 வாக்கில் இங்கிலீஷுக்கு வந்து சேர்ந்தது. ரோமாபுரியிலேயே அதற்குப் பல உத்தியோகம். வயிற்றைக் கழுவினாலும் அதே சொல்தான், வழக்கிலிருந்து தன்னைக் கழுவிக்கொண்டாலும் அதே சொல்தான்.

லத்தீன்காரனைப் பார்த்துச் சிரிப்பதற்குமுன் நம் வீட்டையும் பார்த்துவிடலாம். ‘பேதி’ எங்கிருந்து வந்தது? பிளப்பது, பிரிப்பது என்று பொருள்படும் வடமொழி வேரிலிருந்து. ‘பேதம்’ அதற்குக் கூடப்பிறந்த அண்ணன். சாம, தான, பேத, தண்டம் என்று அர்த்தசாஸ்திரக்காரர்கள் அடுக்கினார்களே, அதில் மூன்றாவதாக நிற்பவர். ஆக, எதிரியின் கூட்டணியைக் கலக்குவதும் எதிர்வீட்டுப் பையன் வயிற்றைக் கலக்குவதும் நம் ஊரிலும் ஒரே குடும்பத் தொழில்தான்.

இந்தக் குடும்பத் தொழிலைக் கிரேக்கர்கள் போர்க்களத்துக்கே கொண்டுபோனார்கள். அங்கே ஹெல்லபோர் என்று ஒரு செடி. அதன் வேர் மேலும் போக்கும், கீழும் போக்கும். பைத்தியத்துக்கு அதுதான் கைகண்ட மருந்து. அது நிறைய விளைந்த ஊர் ஆன்டிசைரா. யாராவது உளறினால் “ஆன்டிசைராவுக்குக் கப்பல் ஏறு” என்பார்களாம், நம்மவர்கள் குணசீலத்துக்கும் கீழ்ப்பாக்கத்துக்கும் பஸ் ஏற்றிவிடுவது போல. கி.மு. 6-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டெல்ஃபி கோயிலுக்காக ஒரு சண்டை. பக்கத்திலிருந்த கிர்ரா என்ற துறைமுக ஊரை முற்றுகை போட்டார்கள். மதில் அசையவில்லை. அந்தப் படைக்கு யோசனை சொல்ல வந்தவர் சாட்சாத் சோலோன், ஏதென்ஸ் நகரத்துக்குச் சட்டம் எழுதிக்கொடுத்த ஞானி. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் ஊர் ஊராகச் சுற்றிய பௌசானியாஸ் எழுதிவைத்த கதைப்படி, சோலோன் முதலில் ஊருக்குப் போகும் ஆற்றைத் திருப்பிவிட்டார். உள்ளே இருந்தவர்கள் கிணற்றையும் மழையையும் வைத்துச் சமாளித்தார்கள். பிறகு கூடை கூடையாக ஹெல்லபோர் வேரைத் தண்ணீரில் போட்டு, மருந்து நன்றாக இறங்கியதும், ஆற்றைப் பழையபடி ஊருக்குள் விட்டார். தாகத்தில் கிடந்தவர்கள் ஆசை ஆசையாகக் குடித்தார்கள். கொஞ்ச நேரத்தில் மதில்மேல் காவலுக்கு ஆள் இல்லை. எங்கே போயிருப்பார்கள் என்று சொல்ல வேண்டுமா? ஊர் விழுந்தது. கிரேக்க ஞானியர் எழுவரில் ஒருவர் செய்ததாகச் சொல்லப்படும் ராஜதந்திரம் இது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் அவருடைய சட்டங்களை மட்டும் போடுகிறார்கள்.

அடுத்து வயிற்றை விட்டு ஆத்மாவுக்குப் போனது சொல். மோட்சத்துக்குப் போகிற அளவு நல்லவனும் இல்லை, நரகத்துக்குப் போகிற அளவு கெட்டவனும் இல்லை என்கிற நடுத்தர வர்க்கத்தை எங்கே வைப்பது? இந்தக் கேள்வி திருச்சபையை வெகுகாலம் வாட்டியது. சுத்தப்படுத்தும் நெருப்பு ஒன்று உண்டு என்ற பேச்சு பழையது. அந்த நெருப்புக்குச் சுவர் எழுப்பி, வாசல் வைத்து, ‘பர்கடோரியம்’ என்று தனி முகவரி கொடுத்தது 12-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் என்கிறார் பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ழாக் லெ கோஃப். நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் அதை ‘உத்தரிக்கிற ஸ்தலம்’ என்பார்கள். எனக்கு லத்தீன் பெயரைவிட இது பிடிக்கும். தாலுகா அலுவலக வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒரு நாளை இதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது.

வராந்தா என்று வந்துவிட்டால் தரகரும் வருவார். வந்தவர் பெயர் யோஹான் டெட்ஸெல். காசு கொடுத்தால் உத்தரிக்கிற காலம் குறையும் என்று ஜெர்மனியில் ஊர் ஊராகப் பலன் சீட்டு விற்றார். ரோமில் புனித பேதுரு பேராலயம் கட்ட வசூல் என்று சொன்னார்கள். மைன்ஸ் பேராயர் ஆல்ப்ரெக்ட் பதவி வாங்கப் பட்ட கடனுக்காக, வசூலில் பாதி ஃபூகர் என்ற வட்டிக்கடைக் குடும்பத்துக்குப் போனது. 1517-இல் மார்ட்டின் லூதர் 95 வாதங்களோடு எழுந்து நிற்க, ஐரோப்பாவே இரண்டாகப் பிளந்தது. பேதி கொடுக்கப் போய்ப் பேதத்தில் முடிந்த கதை.

நீதிமன்றத்திலும் இந்தச் சொல் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டது. பழைய இங்கிலாந்தில் உங்கள்மேல் வழக்கு என்றால், அக்கம்பக்கத்திலிருந்து ஒரு டஜன் ஆட்களைக் கூட்டிப் போனால் போதும். அவர்கள் எதையும் பார்த்திருக்க வேண்டாம். “இவர் சத்தியம் செய்தால் அது சத்தியம்தான்” என்று சத்தியம் செய்ய வேண்டும், அவ்வளவுதான். நீங்கள் பர்ஜ் ஆகி வெண்மையாக வெளியே வரலாம். இதன் கடைசி மிச்சத்தை 1833-இல்தான் சட்டம் போட்டு ஒழித்தார்கள். நம் ஊரில் ஒழிக்கவே இல்லை என்று ஒரு வக்கீல் நண்பர் சொல்கிறார். அவர் தொழில் ரகசியம், விட்டுவிடுவோம்.

இனி என் அபிமான அத்தியாயம். 1648, லண்டன். முதலாம் சார்லஸ் மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த சண்டையில் மன்னர் தோற்றுச் சிறையில் இருக்கிறார். இருந்தும் டிசம்பர் 5-ஆம் தேதி, அவரோடு பேசிச் சமாதானமாகப் போகலாம் என்று 129-க்கு 83 என்ற கணக்கில் சபை முடிவெடுத்தது. சண்டை போட்டு ஜெயித்த ராணுவத்துக்கு வயிறு எரிந்தது. தனக்கு எரிந்தால் அடுத்தவனுக்கு மருந்து கொடுப்பதுதானே அதிகாரத்தின் வழக்கம்? மறுநாள் காலை நாடாளுமன்றப் படிக்கட்டில் சிப்பாய்களோடு வந்து நின்றார் ஒரு கர்னல். தொழில்: பீர் காய்ச்சுவது. பெயர்: தாமஸ் பிரைட். பிரைட் என்றால் கர்வம். ஆக, கர்னல் கர்வம். கையில் ஒரு பட்டியல்.

பட்டியல் இருக்கிறது, ஆனால் கர்னலுக்கு எந்த உறுப்பினர் யார் என்று தெரியாது. தெரு பீர்க்கடைக்காரர்களைக் காட்டினால் அடையாளம் சொல்லியிருப்பார். அதனால் பக்கத்தில் குரோபி பிரபு கிரே என்பவரை நிறுத்திக்கொண்டார். கல்யாண வீட்டு வாசலில் “இவர் மாப்பிள்ளைக்கு மாமா, இவர் சும்மா சாப்பிட வந்தவர்” என்று காதைக் கடிப்பார்களே, அந்த வேலை. உறுப்பினர் படியேறுவார், கிரே காதைக் கடிப்பார், கர்னல் கையைக் காட்டுவார், சிப்பாய்கள் அள்ளிப் போவார்கள். 45 பேரைப் பிடித்தார்கள், 180 பேருக்கு மேல் உள்ளே விடாமல் விரட்டினார்கள். இன்னும் பல பேர் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுத் தாங்களாகவே வீட்டோடு இருந்துகொண்டார்கள்.

அள்ளப்பட்டவர்களில் ஒருவர் வில்லியம் பிரின். இதே மன்னரின் ஆட்சியை எதிர்த்து எழுதியதற்காக இரண்டு தவணையில் காதை அறுத்தார்கள் அவருக்கு; முதலில் ஒரு வெட்டு, மூன்று ஆண்டு கழித்து மிச்சத்துக்கு ஒரு வெட்டு. இப்போது மன்னருக்குச் சாதகமானவர் என்று வெளியே தள்ளினார்கள். ராஜாவிடம் காது, ராணுவத்திடம் நாற்காலி. அவர் படியிலேயே நின்று சண்டை போட்டார், இழுத்துக்கொண்டு போனார்கள். பிடித்தவர்களை அன்றிரவு அடைத்துவைத்த இடம் பக்கத்திலிருந்த ஒரு சாராயக்கடை. அதன் பெயர் ‘நரகம்’. சத்தியமாக நான் சேர்த்ததில்லை, கடையின் பெயர்ப்பலகையே அதுதான். உத்தரிக்கிற ஸ்தலத்தில் நிற்காமல் நேரே எக்ஸ்பிரஸ்.

ராணுவத்தின் தளபதிகளில் ஒருவரான ஆலிவர் கிராம்வெல் அன்று சாயங்காலம் ஊருக்குள் வந்து சேர்ந்தார். இப்படி ஒரு காரியம் நடக்கப்போவது தமக்குத் தெரியாது, நடந்துவிட்டபடியால் மகிழ்ச்சி என்றார். இந்த அறிக்கையை எந்தக் கட்சி அலுவலகத்து வாசலிலும் இன்றைக்கும் தேதியை மட்டும் மாற்றி வாசிக்கலாம்.

வரலாற்றில் இதற்குப் பெயர் பிரைடின் பர்ஜ். எல்லாம் போனபிறகு மிஞ்சிய சுமார் 200 பேர் சபைக்கு ஊரார் பிற்பாடு ‘ரம்ப்’ என்று ஒரு பெயர் வைத்தார்கள். இறைச்சிக்கடையில் ரம்ப் என்றால் மாட்டின் பின்சப்பை. பேதி கொடுத்தால் கடைசியில் மிஞ்சுவது பிருஷ்டம்தான் என்ற உடற்கூறு உண்மையை அரசியல் சாசன வரலாற்றில் ஏற்றிய பெருமை லண்டன்வாசிகளைச் சேரும். அந்தப் பிருஷ்டம்தான் மன்னரை விசாரிக்க நீதிமன்றம் அமைத்து, 1649 ஜனவரி 30-இல் தலையை எடுத்தது. உடம்பின் ஒரு கோடி மறு கோடியைப் பழிவாங்கிய ஒரே சம்பவம். 1653-இல் கிராம்வெல்லே வந்து பிருஷ்டத்தையும் எட்டி உதைத்து வெளியேற்றினார்.

செத்தும் அது ஓயவில்லை. கிராம்வெல் போய்ச் சேர்ந்தபின் ரம்ப் மறுபடி எழுந்து உட்கார்ந்தது. 1660 பிப்ரவரியில் ஜெனரல் மங்க் அதற்கு எதிராகத் திரும்பினார் என்ற சேதி பரவியதும், லண்டன் தெருவெல்லாம் நெருப்பு மூட்டி மாட்டுச் சப்பையை வாட்டித் தின்று கொண்டாடினார்கள். நாட்குறிப்பு எழுதிய சாமுவேல் பெப்பீஸ் ஓரிடத்தில் நின்றபடி 31 நெருப்புகளை எண்ணியிருக்கிறார். பத்து நாள் கழித்து, 1648-இல் விரட்டப்பட்டவர்கள் சபைக்குத் திரும்பினார்கள். காதில்லாத பிரின் பழைய நீள வாள் ஒன்றை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு விறைப்பாக நடந்துவர, அந்த வாள் கூட வந்த சர் வில்லியம் வாலரின் குட்டைக் கால்களுக்கு நடுவே புகுந்து அவரைக் குப்புறத் தள்ளியது என்று ஜான் ஆப்ரி எழுதுகிறார். பன்னிரண்டு ஆண்டு காத்திருந்து கிடைத்த வெற்றிப் பிரவேசம்!

தலை போன மன்னரின் மகன் இரண்டாம் சார்லஸ் அதே ஆண்டு அரியணைக்கு வந்தார். அப்பாவைக் கொண்டுபோனது அரசியல் பேதி. மகனுக்கு அசல் பேதியே வந்தது. 1685 பிப்ரவரி 2, காலையில் சவரத்துக்கு உட்கார்ந்தவர் வலிப்பு கண்டு விழுந்தார். ஒரு டஜனுக்கும் மேல் வைத்தியர்கள் கூடிவிட்டார்கள். ராஜா கைவிட்டுப் போனால் கழுத்துக்கு ஆபத்து என்பதால், தெரிந்த எல்லாவற்றையும் செய்தார்கள். ரத்தத்தை இறக்கினார்கள். வாந்திக்கு ஆன்டிமனி. பேதிக்கு மருந்து, எனிமா, மறுபடி பேதி, மறுபடி எனிமா. தலையை மழித்துக் கொப்புளம் எழுப்பும் பத்து. தும்முவதற்கு மூக்கில் ஹெல்லபோர் பொடி. ஆமாம், நம் சோலோனின் பழைய கூட்டாளிதான். பாதத்தில் புறா எச்சம் கலந்த களிம்பு. கடைசியில் மனித மண்டையோட்டிலிருந்து இறக்கிய திராவகம். நாலு நாள் தாக்குப்பிடித்து 6-ஆம் தேதி கண்ணை மூடினார். சாவதற்கு இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதற்கு மன்னிக்க வேண்டும் என்று படுக்கையைச் சுற்றி நின்றவர்களிடம் கேட்டுக்கொண்டதாக ஒரு கதை உண்டு. புறா எச்சத்துக்கு நடுவே அவ்வளவு மரியாதை யாருக்கு வரும்?

வைத்தியர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. ரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்று நாலு நீர் உடம்பில் ஓடுகிறது; ஒன்று கூடினால் நோய்; கூடியதை வெளியேற்றினால் குணம். ஹிப்போகிரடீஸ் காலத்திலிருந்து இதுதான் பாடம். நோயாளி பிழைத்தால் பேதி காப்பாற்றியது, செத்தால் பேதி போதவில்லை. இரண்டு பக்கமும் ஜெயிக்கிற இந்த நாணயத்தை வைத்து 2000 ஆண்டு தொழில் நடந்தது. பாரிஸில் மோலியேர் இதைக் கிண்டல் செய்து 1673-இல் ஒரு நாடகம் போட்டார். நோயாளியாக இருப்பதே வேலையான ஒரு கற்பனை நோயாளி, முதல் காட்சியிலேயே எனிமா பில்லை வரி வரியாகப் படித்துப் பேரம் பேசுவான். முடிவில் வைத்தியப் பட்டம் வழங்கும் விழா. எந்த நோயைச் சொன்னாலும் எனிமா, ரத்தம், பேதி என்ற ஒரே பதிலைச் சொல்லும் மாணவனுக்குப் பட்டம். அந்த வேஷத்தைக் கட்டிய மோலியேர் உண்மையாகவே நோயாளி. நாலாவது நாள் காட்சியின்போது மேடையிலேயே வலிப்பு கண்டு, வீட்டுக்குத் தூக்கிப் போன கொஞ்ச நேரத்தில் இறந்தார். வைத்தியர்கள் அழுதிருக்க மாட்டார்கள்.

அமெரிக்காவில் இந்த வைத்தியத்துக்கு ஒரு பீஷ்மர் கிடைத்தார். பெஞ்சமின் ரஷ்; சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர். 1793-இல் பிலடெல்பியாவில் மஞ்சள் காய்ச்சல் புகுந்து, சுமார் 50,000 பேர் இருந்த ஊரில் 5,000 பேரை வாரிப்போனது. பெரிய மனிதர்கள் பலர் ஊரைவிட்டு ஓடினார்கள், ரஷ் ஓடவில்லை. அதற்கு அவரை வணங்கலாம். ஆனால் நின்று என்ன செய்தார்? பாதரச உப்பான கலோமெல்லையும் மெக்சிகோ வேரான ஜாலப்பையும் சேர்த்து உருட்டி ஆளுக்கு ஆள் கொடுத்தார், கூடவே ரத்தத்தையும் தாராளமாக இறக்கினார். காய்ச்சல் அவருக்கே வந்தபோது தானும் அதையே எடுத்துக்கொண்டு பிழைத்தார். ஊருக்குத்தான் துரதிர்ஷ்டம்: அவர் நம்பிக்கை இரட்டிப்பானது. வில்லியம் காபெட் என்ற பத்திரிகைக்காரர், உலக மக்கள்தொகையைக் குறைக்க வந்த கண்டுபிடிப்பு இது என்கிற பாணியில் எழுதித் தள்ளினார். ரஷ் அவதூறு வழக்குப் போட்டு 5,000 டாலர் வென்றார். தீர்ப்பு வந்த நாள் 1799 டிசம்பர் 14. அதே நாளில் மவுன்ட் வெர்னனில் ஜார்ஜ் வாஷிங்டன் செத்துப்போனார். தொண்டை வலி என்று படுத்தவருக்கு வைத்தியர்கள் உடம்பின் ரத்தத்தில் கணிசமான பங்கை இறக்கி, கலோமெல்லும் கொடுத்திருந்தார்கள். காபெட்டுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைத்திருக்காது. கொஞ்சம் தாமதம்.

ரஷ்ஷின் மாத்திரைக்கு ஊரார் வைத்த செல்லப்பெயர் ‘இடி’. 1804-இல் மேற்கே பசிபிக் கடல்வரை வழி தேடிப் புறப்பட்ட லூயிஸ், கிளார்க் குழு அந்த இடியில் 50 டஜன் மூட்டைகட்டிப் போனது. 600 மாத்திரை. அது அங்கேயே இருக்கட்டும், திரும்பி வருகிறேன்.

நம் பங்கும் இதில் கொஞ்சம் உண்டு. நிலவாகை என்ற செடியின் இலையை நம் வைத்தியர்கள் சூரணம் செய்வார்கள். அதுதான் வெள்ளைக்காரன் சென்னா. நெல்லைச் சீமையில் விளைந்து தூத்துக்குடியில் கப்பல் ஏறி, பிரிட்டிஷ் மருந்து நூலில் ‘டின்னவெல்லி சென்னா’ என்று ஊர்ப்பெயரோடு அச்சேறியது. சீமை மலச்சிக்கலுக்குத் திருநெல்வேலிதான் கதி. அல்வாவுக்கு முன்பே உலகம் தெரிந்துவைத்திருந்த நெல்லைச் சரக்கு இது. ஒன்று வழுக்கிக்கொண்டு உள்ளே போகும், மற்றது இருப்பதையெல்லாம் வழுக்கவிடும்.

வயிற்றுப் பேதியும் அரசியல் பேதியும் வாடகைக் காரில் ஒன்றாகப் பயணம் செய்தது இத்தாலியில். முதல் உலகப்போருக்குப் பிறகு முசோலினியின் கருஞ்சட்டைக்காரர்கள் தெருவில் இறங்கியபோது அவர்கள் கையில் இரண்டு ஆயுதம்: தடி, விளக்கெண்ணெய். சோஷலிஸ்ட் கிடைத்தால், தொழிற்சங்கக்காரன் கிடைத்தால், எழுதுகிறவன் கிடைத்தால், பிடித்துக் கட்டி வாயில் புனல் வைத்து ஊற்றுவார்கள். அரை லிட்டர், ஒரு லிட்டர். பிறகு நடுத்தெருவில் விட்டுவிடுவார்கள். நோக்கம் கொல்வது அல்ல, இரண்டாம் முறை மேடை ஏறினால் ஊரே மூக்கைப் பிடிக்கும்படி செய்வது. ஆனால் உடம்பு வற்றிச் செத்தவர்களும் உண்டு. கருஞ்சட்டைக்காரன் இடுப்பில் மோர்ச்சொம்பு கட்டிக்கொண்டு வரவில்லை.

ரஷ்யாவில் சொல் மாறியது. ‘சிஸ்த்கா’ என்றார்கள்; துடைத்தல், பெருக்கல் என்று பொருள். இங்கிலீஷ் பத்திரிகைக்காரர்கள்தாம் அதைப் ‘பர்ஜ்’ என்று மொழிபெயர்த்துக் குடலுக்குள் கொண்டுபோனார்கள். நாம் அதையே ‘களையெடுப்பு’ என்று வயலுக்குக் கொண்டுவந்தோம். கொடியவர்களை ஒறுப்பது பயிருக்குக் களை பிடுங்குவது போல என்று வள்ளுவர் செங்கோன்மையில் ஏற்கெனவே போட்டுவைத்த வாய்க்கால் அது. ஒருவன் துடைப்பம் எடுக்கிறான், ஒருவன் புனல் எடுக்கிறான், ஒருவன் களைக்கொத்தி எடுக்கிறான். மூவருமே எதிரில் நிற்பவனிடம், நீ தூசா மலமா புல்லா என்று கேட்பதில்லை. அவனுக்கும் வாய் இருக்கிறது என்பதே அந்த மூன்று சொல்லிலும் இல்லை.

ஆரம்பத்தில் சிஸ்த்கா ஏதோ ரேஷன் கார்டு சரிபார்ப்பு மாதிரிதான் இருந்தது. கட்சி உறுப்பினர் ஊழியர் கூட்டத்தின் முன் வந்து, அட்டையை மேஜையில் வைத்து, அப்பா யார், உள்நாட்டுப் போரில் எங்கே இருந்தாய் என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். பிடிக்காவிட்டால் அட்டை திரும்பி வராது. 1937, 1938-இல் அட்டைக்குப் பதிலாக ஆளே திரும்பி வரவில்லை. ரகசியப் போலீசின் சொந்தக் கணக்கின்படியே அந்த இரண்டு ஆண்டில் சுடப்பட்டவர்கள் 6,81,692 பேர். இந்த இடத்தில் பேதி ஜோக் ஒன்று கைவசம் இருந்தது. வேண்டாமென்று அடித்துவிட்டேன்.

துடைப்பங்களுக்கு நேர்ந்ததைப் பற்றிச் சிரிக்கலாம், தப்பில்லை. ரகசியப் போலீசின் தலைவர் யகோதா. ஏராளமான பேரைப் பெருக்கித் தள்ளினார். 1938-இல் அவரைச் சுட்டார்கள். அடுத்தவர் யெஷோவ், பெருக்கலில் எல்லாரையும் மிஞ்சியவர், 1940-இல் சுட்டார்கள். கால்வாய்க் கரையில் ஸ்டாலினோடு சிரித்தபடி அவர் நின்ற புகைப்படத்திலிருந்தும் அவரைத் துடைத்து, நின்ற இடத்தில் தண்ணீரை வரைந்து நிரப்பினார்கள். அடுத்தவர் பெரியா, ஸ்டாலின் சாகும்வரை தாக்குப்பிடித்தார், 1953 டிசம்பரில் அவரையும் சுட்டார்கள்.

சுட்டாயிற்று, ஆனால் ஒரு சிக்கல். சோவியத் பெரிய கலைக்களஞ்சியத்தின் 5-ஆம் தொகுதியில் பெரியாவைப் பற்றிப் படத்தோடு புகழ்ந்து ஒரு கட்டுரை ஏற்கெனவே அச்சாகி, சந்தாதாரர்கள் வீட்டு அலமாரிக்குப் போய்விட்டது. வீடு வீடாகப் போய்ப் பிடுங்க முடியுமா? ஒரு கடிதம் அனுப்பினார்கள். இன்னின்ன பக்கங்களைக் கத்தரியாலோ சவர பிளேடாலோ கவனமாக வெட்டி எடுக்கவும். ஓரத்தில் கொஞ்சம் விட்டு வெட்டினால், உடன் அனுப்பியிருக்கும் புதிய பக்கங்களை ஒட்ட வசதி. புதிய பக்கங்களில் என்ன இருந்தது? அகர வரிசை கெடக்கூடாதல்லவா? பெரிங் கடல். பெர்க்ஹோல்ட்ஸ் என்ற யாருக்கும் தேவைப்படாத ஒரு 18-ஆம் நூற்றாண்டு அரசவை ஆசாமி. ஒரு கொலைகாரர் போன பள்ளத்தை நிரப்ப ஒரு கடல் முழுவதும் தேவைப்பட்டது. வெளிநாட்டு நூலகங்களுக்கும் இந்தக் கடிதம் போனது. பல நூலகர்கள் பிளேடைத் தொடவில்லை, பழைய பக்கங்களையும் புதிய பக்கங்களையும் பத்திரப்படுத்தி வைத்துக்கொண்டார்கள். எனக்கு அந்த நூலகர்களைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருக்கிறது.

சரி, அந்த 600 மாத்திரைக்கு வருவோம்.

லூயிஸும் கிளார்க்கும் எங்கெங்கே கூடாரம் அடித்தார்கள் என்று இருவரும் நாட்குறிப்பில் எழுதித்தான் வைத்தார்கள். ஆனால் முப்பதுக்கும் மேற்பட்ட ஆட்கள் ஒரு வெட்டவெளியில் சில நாள் தங்கிக் கிளம்பிப்போனால், 200 ஆண்டு கழித்து எந்தத் தடயம் மிஞ்சும்? மான்டானாவில் லோலோ என்ற ஊருக்குப் பக்கத்தில் ‘டிராவலர்ஸ் ரெஸ்ட்’ என்று அவர்கள் பெயர் வைத்த முகாம். போகும்போது 1805-இலும் வரும்போது 1806-இலும் தங்கினார்கள். சரியாக எந்த இடம் என்று தேடி 2002-இல் தொல்லியலாளர்கள் மண்ணைத் தோண்டினார்கள். கழிப்பிடத்துக்காக வெட்டிய ஒரு பழைய பள்ளம் தட்டுப்பட்டது. பாதரச ஆவியை மோப்பம் பிடிக்கும் கருவியை அதற்குள் இறக்கினார்கள். முள் எகிறியது.

கலோமெல் பாதரசம். பாதரசம் மக்காது. மாவீரர்கள் கண்டத்தைக் கடந்துபோன இடத்தை அங்கே நின்று உறுதிசெய்தது ரஷ் டாக்டரின் இடி. அந்த இடத்தில் இப்போது மாநிலப் பூங்கா இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள்.